உலக்கை தேஞ்சு பேனா ஆன கதை

போன ஆடியில வீட்டுக்கு வெள்ளையடிக்கறதுக்காக பரணைக் காலி பண்ணப்ப பழைய உலக்கை ஒண்ணு கீழ இறங்குச்சு. கருவேல மரம். அடியில பூண் கழண்டு ஒரு முழத்துக்கு வெடிச்சுப் போயிருந்துச்சு, இனி எதையும் இடிக்க ஆகாது. நான் லேத்துல மரத்தைக் கடைஞ்சு பேனா பண்றவன், அதைத் தூக்கிப் பார்த்த தினுசுலயே அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு. "கண்ணு, உலக்கையெல்லாம் அறுக்கக்கூடாதுடா, வீட்டுக்கு ஆகாது"ன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே வந்து "அந்த வெடிச்ச பக்கத்தை மட்டும் வேணா எடுத்துக்க"ன்னாங்க. வெடிச்ச கட்டையில பேனா வராதுன்னு நான் சொல்லிக்கல, வெடிப்புக்கு மேல ஒரு சாண் சேர்த்தே அறுத்துக்கிட்டேன்.

உலக்கை தேஞ்சு உளிப்பிடி ஆச்சுன்னு ஒரு பழமொழி இருக்குல்ல, நம்ம வீட்டுல அது உளிப்பிடியோட நிக்கல.

எனக்கு அந்தக் கட்டை மேல ஏன் அவ்வளவு ஆசைன்னா, அது பல வருஷமா காஞ்சது. பேனா கடையறதுல மரத்துக்குள்ள ஒரு பித்தளைக் குழாய் போகும், நான் பண்றது முறுக்கினா முனை வெளிய வர்ற சாதாரண ட்விஸ்ட் பேனா கிட், அதுக்கு 7 மில்லிமீட்டர் டிரில். மரம் கொஞ்சம் பச்சையா இருந்தாலும் பின்னாடி காயும்போது சுருங்கும், பித்தளை சுருங்காது, அப்ப யாரு விட்டுக் கொடுக்கறது? மரம்தான் வெடிக்கணும். தோட்டத்து வேப்ப மரத்துல ஆசையா ஒரு பேனா பண்ணி மாமாவுக்குக் குடுத்தேன், பங்குனி வெயில்ல அது நெடுக்க கீறி விட்டுருச்சு. மாமா நல்லவரு, அதுலயே இன்னும் எழுதிட்டிருக்காரு.

குழாயை ஒட்டறதுல ஒரு கூத்து. ஒட்டறதுக்கு முன்னாடி குழாயை சாண்ட் பேப்பர்ல தேச்சு சொரசொரப்பாக்கணும், வாய்ப்பக்கம் பசை உள்ள போகாம இருக்க ஒரு உருளைக்கிழங்குத் துண்டுல குத்தி எடுத்தா போதும், கிழங்கு மூடியா அடைச்சுக்கும். (அன்னிக்கு பொரியலுக்கு வெட்டி வச்ச கிழங்குல ஓட்டை இருந்ததுக்கு இதுதான் காரணம்.) முதல் கட்டைக்கு அவசரத்துல சூப்பர் க்ளூவைப் போட்டுத் தள்ளினேன், பாதி தூரத்துல குழாய் கப்புன்னு பிடிச்சுக்கிச்சு, முன்னாடியும் வரல பின்னாடியும் போகல. ஒரு பேனாவுக்கு ரெண்டு துண்டு, உலக்கைக் கட்டையில ஒரு ஜோடி அதோட போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பொருளைக் கலக்கற எபாக்சிதான், ராத்திரி ஒட்டி வச்சா காலையில எடுத்துக்கலாம்.

கடையறது என்னமோ பெரிய வித்தைன்னு நினைக்கறாங்க, அது பத்து நிமிஷம்தான். சதுரக் கட்டையை மேண்ட்ரல்ங்கற கம்பியில கோத்து, ரெண்டு பக்கமும் அளவு காட்டற புஷ் வளையம் போட்டு, லேத்தை நிமிஷத்துக்கு 2000 சுத்துல விட்டு காஜ் உளியால மூலையெல்லாம் எடுத்து, புஷ் அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கணும். ஆரம்பத்துல எனக்கு பேனா ஒரு பக்கம் தடிமனாவும் இன்னொரு பக்கம் மெலிசாவும் வரும். எங்க தெருமுனை லேத் பட்டறை அண்ணன்கிட்ட காட்டினேன். பம்ப் ஷாஃப்ட் கடையறவரு, வெர்னியர் வச்சு அளந்துட்டு "தம்பி, உளியில ஒண்ணுமில்லீங், கம்பியோட அந்த முனையைத் தாங்கற டெயில்ஸ்டாக்கைப் போட்டு இறுக்கறீங்க, கம்பி வில்லு மாதிரி வளையுது, அப்புறம் எப்படி வட்டம் வரும்"னாரு. லேசா விட்டேன், சரியாயிருச்சு. கோயமுத்தூர்ல இருக்கறதுல இது ஒரு வசதி, நாலு வீடு தள்ளி ஒரு லேத் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரைக்கும் பேனா உருவாகறது உளியில இல்ல, அதுக்கப்புறம் ஃபினிஷ்லதான். முதல்ல ஷெல்லாக் பாலிஷ்தான் போட்டேன். ஷெல்லாக்ங்கறது நம்ம அரக்குதான். கர்நாடகாவுல சென்னபட்டணா பொம்மைக்காரங்க கலர் அரக்குக் குச்சியை சுத்தற மரத்து மேல அழுத்துவாங்க, உரசற சூட்டுல உருகி அப்பிக்கும், அப்புறம் தாழை மடலால தேச்சா கண்ணாடி மாதிரி மின்னும். பொம்மைக்கு அது அருமை. பேனாவை நாள் பூரா விரல் பிடிச்சிருக்கும், வேர்வை படும், எனக்கு ஒரே மாசத்துல பிடிக்கற இடம் மட்டும் மங்கிப் போச்சு.

அதனால சிஏ ஃபினிஷ். சூப்பர் க்ளூவையே வார்னிஷ் மாதிரி பூசறது, கேட்டா சிரிப்பா இருக்கும். 150ல ஆரம்பிச்சு 600 வரைக்கும் சாண்ட் பேப்பர் போட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் நடுவுல லேத்தை நிறுத்தி மரத்து ரேகை போக்குலயே நாலு இழுப்பு இழுக்கணும், இல்லேன்னா வளையம் வளையமா கோடு நிக்கும், பூச்சு போட்டதும் பல்லிளிக்கும். அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல ரெண்டு சொட்டு விட்டு, சுத்தற மரத்துக்கு அடியில வச்சு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஒரே போக்குல போய் வரணும், நின்னா பேப்பர் ஒட்டிக்கும். பழைய பனியன் துணியை மட்டும் எடுத்துராதீங்க, பருத்தியில சிஏ பட்டா சுர்ருனு சூடு ஏறி புகையே வரும், எனக்கு ஆள்காட்டி விரல்ல கொப்புளம். கண்ணு எரியும், அதனால ஃபேனை வெளிய பார்த்து வச்சுக்கறேன்.

உலக்கைப் பேனாவுக்கு பூச்சு போட்டது ஐப்பசி அடைமழையில. இந்தப் பசை காயறதே காத்துல இருக்கற ஈரத்தாலதான், ஆனா ஈரம் அளவுக்கு மீறிப் போனா மேல வெள்ளையா பூத்துரும். பத்தாததுக்கு நான் பசையைச் சீக்கிரம் காய வைக்கற ஆக்டிவேட்டர் ஸ்பிரேயை வேற தாராளமா அடிச்சேன், எட்டாவது பூச்சுல பூரா சாம்பல் பூசின மாதிரி ஆயிருச்சு. அத்தனையையும் உளியால சுரண்டி எடுத்துட்டு, நல்ல வெயில் அடிச்ச ஒரு ஞாயித்துக்கிழமை மறுபடியும் பத்து பூச்சு, ஒவ்வொண்ணும் தானா காயற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தேன். அப்புறம் பளபளப்பு ஏத்தற நைசான மைக்ரோ மெஷ் பேடு, 1500ல இருந்து 12000 வரைக்கும் 9 பேடு, தண்ணி தொட்டுத் தொட்டு. நாலாவது பேடு வரைக்கும் பேனா மங்கலாத்தான் இருக்கும், கெட்டுப் போச்சோன்னு பயமா இருக்கும், ஏழாவதுலதான் டியூப்லைட் அதுல நேர்க்கோடா தெரிய ஆரம்பிக்கும். புஷ்ஷும் பேனாவும் ஒட்டிக்கிட்டு, பிரிக்கும்போது ஓரத்துல பூச்சு பேந்து வர்ற தொல்லைக்கு பட்டறை அண்ணன் டெல்ரின்ங்கற பிளாஸ்டிக்ல புஷ் கடைஞ்சு குடுத்தாரு, அதுல பசை ஒட்டறதேயில்ல.

மரத்துக்குப் பதிலா அக்ரிலிக் பிளாஸ்டிக் கட்டையில பண்ணா கதை தலைகீழ். அதுக்கு பூச்சே வேண்டாம், அதுவே பளபளக்கும், ஆனா சூடு ஆகாது. டிரில்லை ஒரே மூச்சா இறக்கினா உள்ள உருகி பிட்டுல அப்பிக்கும், கடைசி நூலிழையில வெளிய வரும்போது அடிவாய் சில்லு சில்லா தெறிக்கும், அதனால அரை இஞ்சு நீளம் கூட விட்டு ஓட்டை போட்டு அந்த நுனியை அறுத்துத் தள்ளிர்றேன். கொஞ்சம் ஒளி ஊடுருவற கலர்னா ஓட்டைக்குள்ளயும் குழாய் மேலயும் பெயிண்ட் அடிக்கணும், என் முதல் நீலப் பேனாவுக்குள்ள பித்தளை மஞ்சளா தெரிஞ்சு அசிங்கமா இருக்கும். உளி கூரா இருந்தா இடியாப்பம் மாதிரி நீள நீளமா சிம்பு வந்து சட்டை, முடி, மீசை எல்லாத்துலயும் ஒட்டிக்கும். மொட்டை உளின்னா சில்லு பேந்துரும், அதுக்கு மருந்தே கிடையாது. ஆனா பார்க்க எவ்வளவு ஜோரா இருந்தாலும் அக்ரிலிக் எனக்குக் கொஞ்சம் கடைச்சாமான் மாதிரிதான் படும், இது என் பைத்தியம்.

உலக்கையில மொத்தம் மூணு பேனா தேறுச்சு. நல்லா வந்ததை அம்மாவுக்குக் குடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, மூக்குக்கிட்ட வச்சு மோந்து பார்த்தாங்க, "வழுவழுன்னு இருக்குடா"ன்னாங்க, அவ்வளவுதான். மறுநாள் காலையில பார்த்தா கிளிப்புல பூ கட்டற நாரைக் கட்டி காலண்டர் ஆணியில தொங்க விட்டிருக்காங்க, பால் கணக்கு எழுதறதுக்கு.