பூதக்கண்ணாடியைப் பாதி மூடினால்

5 செ.மீ. அகலமுள்ள பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு சில சோதனைகள் செய்து வருகிறேன். இதுவரை பார்த்தவை இங்கே.

முதலில் குவியத்தூரம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, அதன் முன்னால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஓரிடத்தில், வெளியே தூரத்தில் நிற்கும் மரம் தலைகீழாக, நிறத்தோடு தாளில் வந்து விழுந்தது. லென்ஸுக்கும் தாளுக்கும் இடைவெளி 20 செ.மீ. அதுவே குவியத்தூரம்.

அப்புறம் அறையை இருட்டாக்கி, செல்போன் திரையில் ‘அ’ எழுத்தைப் பெரிதாக வைத்தேன். போன் லென்ஸிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், மறுபுறம் 40 செ.மீ.யில் அதே அளவில் பிம்பம் கிடைக்கிறது. போனை 30-க்குக் கொண்டுவந்தால் பிம்பம் 60-க்குப் போய் இரண்டு மடங்காகிறது. லென்ஸ் சூத்திரப்படி, இந்த இரண்டு தூரங்களையும் 1-ன் கீழே போட்டு 1/30-ஐயும் 1/60-ஐயும் கூட்டினால் 1/20; கீழே வரும் 20 அதே குவியத்தூரம். போன் 20-க்கும் உள்ளே வந்துவிட்டால் தாளில் பிம்பமே விழாது. அப்போது லென்ஸ் வழியாக நேரே பார்த்தால்தான் எழுத்து நிமிர்ந்து, பெரிதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. லென்ஸின் மேல்பாதியைக் கறுப்பு அட்டையால் மூடினேன். யாரைக் கேட்டாலும் பாதி எழுத்து மறையும் என்றுதான் சொல்வார்கள். மறையவில்லை! முழு ‘அ’வும் அப்படியே இருக்கிறது, வெளிச்சம்தான் குறைகிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி லென்ஸின் பரப்பு முழுவதிலும் பட்டு, மறுபடி ஒரே புள்ளியில் கூடுகிறது. பாதியை மறைத்தாலும் மீதிப்பாதி அந்த வேலையை முழுதாகவே செய்கிறது. பள்ளியில் வரைந்த கதிர்ப் படங்களில் இரண்டு மூன்று கோடுகள் மட்டும் இருப்பதால் இது மனதில் பதிவதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இன்னும் குறைத்துப் பார்க்கலாமே என்று அட்டையின் நடுவில் 1 செ.மீ. துளை போட்டு லென்ஸின் மேல் வைத்தேன். ஒளி 25-ல் ஒரு பங்காகிவிட்டது, ஆனால் எழுத்தின் விளிம்பு முன்பைவிடக் கூர்மை. லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுக்கதிர்களைவிடச் சற்று முன்னதாகவே குவிகின்றன. அட்டை அவற்றைத் தடுத்துவிடுகிறது. தாளைக் கொஞ்சம் நகர்த்தினாலும் பிம்பம் அவ்வளவாகக் கலங்குவதில்லை. கேமராவில் துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் உள்ளவை தெளிவாக விழுவதும் இதே போலத்தான்.

அடுத்து, 5 செ.மீ. குவியத்தூரமுள்ள சின்ன லென்ஸை இதன் பின்னால் 25 செ.மீ.யில் பொருத்தப்போகிறேன். 1611-ல் வானியலாளர் கெப்ளர் விவரித்த தொலைநோக்கியின் அமைப்பு இது. 20-ஐ 5-ஆல் வகுத்தால் நான்கு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும், தலைகீழாக. சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது. முதலில் நிலாவைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.