வாவ் ஒருவழியாக வாவாகவே நின்றது

எண்ணாகமம் 12:3-ஐ அஷூரி எழுத்தில் (தோராச் சுருள்களில் வரும் சதுர எபிரேய எழுத்து) எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்த வசனத்தை எடுத்ததே அதில் கடவுள் பெயர் வராது என்பதால்தான். சரியாக அமையாத தாளைத் தயங்காமல் கிழிக்கலாம். நிறையவே கிழித்தாயிற்று, எல்லாம் மூன்றாவது சொல்லால்: 'அனாவ்'. பூமியிலுள்ள எல்லாரையும்விட மோசே தாழ்மையானவர் என்று சொல்லுமிடத்தில் வரும் சொல்.

அதன் எழுத்துகள் மூன்று: அயின், நூன், வாவ். முதல் இரண்டுக்கும் தலையில் மும்மூன்று கிரீடக் கோடுகள் உண்டு. பார்க்கத்தான் பயமாக இருக்கும், பேனா முனை கூராக இருந்தால் வந்துவிடும். என்னைப் படுத்தியது கிரீடமே இல்லாத வாவ்.

எபிரேய எழுத்து மேல்கோட்டிலிருந்து தொங்குவது. கீழே தாங்கக் கோடு கிடையாது. வாவின் கால் குட்டையானால் யோத் என்ற வேறு எழுத்து, நீண்டால் சொல்லின் கடைசியில் வரும் நூன். எனக்கு எப்போதும் குட்டைதான். அப்படி யோத் ஆனால் 'அனாவ்' போய் 'அனீ' வந்துவிடும்: ஏழை, ஒடுக்கப்பட்டவன்.

சந்தேகமான எழுத்தென்றால் தோரா எழுதும் சோஃபர்கள் அதை ஒரு சிறு பிள்ளையிடம் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். ரொம்பப் புத்திசாலியாகவும் இருக்கக் கூடாது, மந்தமாகவும் இருக்கக் கூடாது. எபிரேயம் வாசிக்கும் பிள்ளைக்கு நான் எங்கே போக? வாவ், யோத் இரண்டின் அச்செழுத்தையும் அட்டையில் ஒட்டி, என்னுடையது எதைப்போல இருக்கிறது என்று அண்ணன் மகளைக் கேட்டேன். "எல்லாமே கமா மாதிரிதான் இருக்கு சித்தப்பா" என்றாள்.

இந்த இரண்டு எழுத்தும் பழைய ஏடுகளிலும் இப்படித்தான் ஆட்டம் காட்டியிருக்கின்றன. 9-ஆம் சங்கீதத்தில் ஓரிடத்தில் 'ஒடுக்கப்பட்டவர்கள்' என்று எழுதி, 'தாழ்மையானவர்கள்' என்று வாசிக்கச் சொல்லி ஓரக்குறிப்பு இருக்கிறது. அதே சங்கீதத்தில் இன்னோரிடத்தில் நேர் தலைகீழ். ஆமோஸ் 8:4-லும் உண்டு. நம் வசனத்துக்கும் குறிப்பு உண்டு, ஆனால் அங்கே உச்சரிப்பு மாறாது. நடுவில் ஒரு யோத் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு சொல்லும் ஒரே வேரோடு சேர்ந்தவை: அமுக்குவது, ஒடுக்குவது. எகிப்தியர் இஸ்ரவேலரைச் செய்ததும், சாராய் ஆகாரைச் செய்ததும் இந்த வினைதான். பாவநிவாரண நாளில் பட்டினியால் தன்னைத்தானே ஒடுக்கிக்கொள்வதற்கும் இதே வினை. அதனால் அனாவ் என்றால் கூச்ச சுபாவம், மெல்லிய குரல் என்றெல்லாம் விளக்குவது எனக்கு ஒட்டவில்லை. யாத்திராகமம் 10:3-இல் "இன்னும் எவ்வளவு காலம் பணிய மறுப்பாய்" என்று பார்வோன் முகத்துக்கு நேரே கேட்கப்போனவர்களில் மோசேயும் ஒருவர். அங்கே 'பணிய' என்பதற்கும் இதே வேர். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரை இரண்டே சொல்: தாழ்ந்தவர், பொறுத்துக்கொள்பவர். இந்த அதிகாரத்துக்கு அதுதான் பொருந்துகிறது. மிரியாமும் ஆரோனும் குறை பேசுகிறார்கள், மோசே தனக்காக வாயே திறக்கவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்த பிறகுதான் பேசுகிறார், அதுவும் அவளுக்காக, எபிரேயத்தில் ஐந்தே சொல்லில்.

சரி, வாவுக்கு வருகிறேன். வசனத்தின் முதல் எழுத்தும் வாவ்தான். அது ஒவ்வொரு தடவையும் அழகாக வந்தது. மூன்றாவது சொல்லின் வாவ் பதினோராவது எழுத்து. அதற்குள் நாணல் பேனாவில் மை வற்றிவிடுகிறது. தலையைக் கிடையாகத் தடிப்பாக இழுத்து, அப்படியே பேனாவைத் திருப்பி முனையின் ஓரத்தால் காலை மெலிதாக இறக்க வேண்டும். திருப்பும்போதே மை அறுந்துபோகும், கால் பாதியில் நிற்கும். இப்போது நூன் முடிந்ததும் மை தொட்டு, முதல் சொட்டை வேறு தாளில் விட்டுவிட்டு இறங்குகிறேன். தலைக்கு ஒரு பேனா அகலம், காலுக்கு இரண்டு. நிற்கிறது!

கடையில் விற்கும் காலிகிராஃபி நிப்புகளை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். அவை ஆங்கில எழுத்துக்கு வெட்டியவை. நமக்குக் கிடைக்கோடு தடிப்பாகவும் நிமிர்கோடு மெலிவாகவும் வேண்டும். நாணலை நாமே சாய்த்து வெட்டிக்கொள்வதுதான் வழி.

மைக்கு மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். மூன்றும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கடைக்காரர் மாசிக்காயை எடுத்துக்கொண்டே "குழந்தைக்கு உரைமருந்தா சார்?" என்றார். பிசினைக் கொஞ்சம் கூட்டினால் மை சீக்கிரம் ஓடிவிடாது, ஆனால் காய நேரமெடுக்கும். வலக்கைக்காரர்கள் வலமிருந்து இடம் எழுதும்போது ஈர எழுத்தின் மேலேயே கை போகும், கீழே ஒரு துண்டுத் தாள் அவசியம்.

வசனத்தில் இன்னும் முக்கால்வாசி பாக்கி. அதை முடிப்பதற்குள் லேவியராகமத்தின் முதல் சொல் மேல் ஆசை வந்துவிட்டது. அதன் கடைசி அலெஃபைச் சிறியதாக எழுதுவது மரபு, மோசேயின் தாழ்மைக்காகத்தான் என்று ஒரு விளக்கமும் உண்டு. அதைத் தாளில் எழுதப்போவதில்லை. மிருதங்கம் செய்பவர் ஒருவரிடம் மெல்லிய ஆட்டுத்தோல் கேட்டிருக்கிறேன். மாதிரிக்கு ஒரு துண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார், விலை இன்னும் பேசவில்லை.