வர்ஜீனியாவை விட்டு வந்த பிறகு வர்ஜீனியா பெர்மிட்

மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாறினால் டிரைவிங் லைசென்ஸ், கார் ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளி என்று வேலைகள் வரிசை கட்டி நிற்கும். கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த வரிசை இன்னும் கொஞ்சம் நீளம். நாங்கள் வர்ஜீனியாவின் லவுடன் கவுன்ட்டியிலிருந்து பொடோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மேரிலாந்தின் ஜெர்மன்டவுனுக்கு வந்துவிட்டோம், ஆனால் மளிகைக் கடை இன்னும் ஸ்டெர்லிங்கில்தான் இருக்கிறது. வெள்ளி, சனி ராத்திரிகளில் கல்லாவை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு கடைசியாகக் கதவைப் பூட்டுவது நான்தான், அதனால்தான் இடுப்பில் ஒன்று. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அதை வாட்ஸாப் குரூப்களில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. இது துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போவதற்கான பெர்மிட்டின் காகித வேலை பற்றிய பதிவு மட்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே மத்திய சட்டம் தடை போடுகிறது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். "ஃபிரெண்டு ரேஞ்சுக்குக் கூப்பிட்டான், சும்மா ரெண்டு ரவுண்டு சுட்டுப் பார்த்தேன்" என்று படத்தோடு ஃபேஸ்புக்கில் போடுகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சட்டத்தின் கண்ணில் 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, கையில் வாங்கிப் பிடித்தாலே போதும். கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வர்ஜீனியாவில் குடியிருப்பவர்கள் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு போவதற்கான பெர்மிட்டைத் தங்கள் கவுன்ட்டியின் சர்க்யூட் கோர்ட்டில் வாங்க வேண்டும். செலவு ஐம்பது டாலருக்குள் முடிந்துவிடும், 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, விரல்ரேகைகூடக் கேட்பதில்லை. எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆனால் அது அந்த மாநிலவாசிக்கு. மேரிலாந்துக்கு வந்த பிறகு அதே கோர்ட்டில் போய்ப் புதுப்பித்துத் தாருங்கள் என்று நிற்க முடியாது.

மேரிலாந்து வேறு உலகம். எந்த மாநிலத்துப் பெர்மிட்டையும் இவர்கள் ஏற்பதில்லை. குடிவந்த 90 நாளுக்குள் கைத்துப்பாக்கியை மாநில போலீஸில் பதிவு செய்ய வேண்டும். வெளியே கொண்டுபோகும் பெர்மிட் தனி: 16 மணி நேர வகுப்பு, சுட்டுக் காட்டும் தேர்வு, விரல்ரேகை எல்லாம் உண்டு, முதல் முறை கொடுப்பது இரண்டே ஆண்டுக்கு. இதாவது பரவாயில்லை. 2022 ஜூன் மாதம் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை "வலுவான காரணம்" காட்டாமல் மேரிலாந்தில் பெர்மிட்டே கிடைக்காது. தீர்ப்பு வந்த சில நாட்களில், ஜூலை தொடக்கத்திலேயே, அன்றைய கவர்னர் லாரி ஹோகன் அந்தக் காரணம் கேட்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். என்னைப் போன்ற கடைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். வகுப்புக்குப் போனேன், மேரிலாந்து கார்டு வந்தது. அதோடு நிற்காமல், வர்ஜீனியா வெளி மாநிலத்தவர்களுக்குக் கொடுக்கும் பெர்மிட்டுக்கும் விண்ணப்பிக்க நினைத்தேன்.

இங்கேதான் நியூஜெர்சி எடிசனில் இருக்கும் என் மச்சான் போனில் குறுக்கே விழுந்தான். "மேரிலாந்து கார்டைத்தான் வர்ஜீனியா ஒத்துக்குதே மாமா, மேப்புல பச்சையா காட்டுது. அப்புறம் எதுக்கு இன்னொரு நூறு டாலர் தண்டம்?"

நியாயமான கேள்விதான். எந்த மாநிலப் பெர்மிட் எங்கே செல்லும் என்று நிறம் போட்டுக் காட்டும் மேப்பைத்தான் சொல்கிறான். 2016-ல் வந்த சட்டப்படி வர்ஜீனியா மற்ற மாநிலப் பெர்மிட்டுகளை ஏற்றுக்கொள்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், படம் போட்ட அடையாள அட்டை கையில் வேண்டும், முன்பு வர்ஜீனியா பெர்மிட்டைப் பறித்திருக்கக் கூடாது என்று சில நிபந்தனைகள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் 25 மாநிலங்களின் பெர்மிட்டுகளை இனி ஏற்கப் போவதில்லை என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டார். அடுத்த சில வாரங்களில் கவர்னர் மெக்காலிஃப் எதிர்க்கட்சியோடு பேரம் பேசி அதைத் தலைகீழாக மாற்றினார். அந்தப் பேரத்தில் பிறந்ததுதான் இன்று மேப்பில் தெரியும் பச்சை. இன்னொரு தேர்தல், இன்னொரு சட்டசபை, பச்சை சிவப்பாக எத்தனை நாள் ஆகும்? அங்கீகாரம் என்பது அவர்கள் தயவு. என் பெயர் போட்டுக் கொடுத்த பெர்மிட் அப்படியில்லை, அதைப் பறிக்க வேண்டுமென்றால் என்னைக் குறித்து ஒரு காரணம் வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் பள்ளிக்கூடம். 1990-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று, பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1995-ல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய, அடுத்த ஆண்டே காங்கிரஸ் வார்த்தைகளை மாற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஐந்து ஆண்டு வரை சிறை. விலக்குகள் உண்டு: தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் பரவாயில்லை, பள்ளிக்குச் சொந்தமில்லாத தனியார் இடத்தில் இருந்தால் பரவாயில்லை, அப்புறம், அந்தப் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலமே லைசென்ஸ் கொடுத்திருந்தால் பரவாயில்லை. கடைசி வரியைத்தான் மேப் காட்டுவதில்லை. வர்ஜீனியா என் மேரிலாந்து கார்டை மதிக்கிறது என்பது வேறு, வர்ஜீனியா எனக்கு லைசென்ஸ் கொடுத்தது என்பது வேறு. துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறை இதை அப்படித்தான் படிக்கிறது.

என் கடையிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி ஒரு எலிமென்டரி ஸ்கூல். கடைக்குள்ளும் பார்க்கிங்கிலும் இருக்கும்வரை தனியார் இடம், கவலையில்லை. காரை ரோட்டில் இறக்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. இதற்காக மட்டும் யாரையாவது பிடித்து உள்ளே போட்டார்களா என்றால் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒரு சின்ன விபத்து, ஒரு போலீஸ்காரர், எழுதுவதற்கு ஒரு குற்றப் பிரிவு தயாராக இருக்கிறது என்ற நிலையில் வாரா வாரம் ராத்திரி வண்டி ஓட்ட எனக்கு இஷ்டமில்லை. நூறு டாலர் கொடுத்துத் தீர்கிற விஷயத்தை ஏன் தலையில் சுமக்க வேண்டும்? மச்சானிடம் இதைச் சொன்னதும், "இது எந்த வீடியோவிலும் வரலையே" என்றான்.

வெளி மாநிலத்தவர்களுக்கு வர்ஜீனியாவில் கோர்ட் இல்லை, மாநில போலீஸ்தான் பெர்மிட் கொடுக்கிறது. 21 வயது, ஐந்து ஆண்டு செல்லுபடி, கட்டணம் 100 டாலர் வரை. விண்ணப்பத்தை நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும், வீட்டிலேயே அழகாகக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நோட்டரி திருப்பி அனுப்பிவிடுவார். பயிற்சி பெற்றதற்கான ஆதாரம் வேண்டும். 2021 முதல் ஆன்லைன் வகுப்பு செல்லாது, நேரில் போய்ப் படித்ததாக இருக்க வேண்டும். என்னைப் போல அங்கிருந்து மாறி வந்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: முன்பு வர்ஜீனியா பெர்மிட் வைத்திருந்தாலே, அது பறிக்கப்படாமல் இருந்தால், அதையும் பயிற்சிக்கான சான்றாகச் சட்டம் ஏற்கிறது. காலாவதியான பெர்மிட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள்.

விரல்ரேகைதான் பெரிய தொல்லை. எஃப்டி-258 என்ற அட்டையில் பத்து விரலையும் நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுக்க வேண்டும். பதினைந்து வருஷமாக அட்டைப்பெட்டி பிரிப்பதும் அரிசி மூட்டை தூக்குவதுமாக இருக்கிற கைக்கு ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? நான் முதலில் போன இடத்தில் அந்தப் பையன் விரலை உருட்டாமல் முத்திரை குத்துகிற மாதிரி அழுத்தினான், வலது கட்டைவிரல் ஒரே கறுப்புத் திட்டாக விழுந்தது. "இது போதும் சார்" என்றான். போதாது, படிக்க முடியாத ரேகை திரும்பி வரும், நாம்தான் மறுபடி அலைய வேண்டும். வேறு இடத்தில் ஒரு வயதான அம்மா கையைத் துடைத்து, ஈரம் உலரவிட்டு, "தோளைத் தளர்த்துங்க, விரலை நீங்க உருட்டாதீங்க, நான் உருட்டுறேன்" என்று பொறுமையாக எடுத்தார். சுழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. போவதற்கு முன் சில நாட்கள் ராத்திரியில் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள், ரேகை கொஞ்சம் எடுப்பாக விழும். அன்று காலையில் மட்டும் வேண்டாம், மை வழுக்கும்.

நம் ஆட்களுக்கென்றே இன்னொரு தலைவலி, பெயர். எனக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது, பயிற்சிச் சான்றிதழில் வகுப்பு எடுத்தவர் வாயில் நுழைந்தவரை சுருக்கி எழுதிவிட்டார். டிரைவிங் லைசென்ஸ், ரேகை அட்டை, சான்றிதழ், விண்ணப்பம் நான்கிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே வரிசை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்த அன்றே சான்றிதழைத் திருத்தச் சொல்லி வாங்குவது சுலபம், மூன்று வருஷம் கழித்து அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இரண்டு கார்டும் வந்தாயிற்று. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு 495 நெடுஞ்சாலையில் ஏறி அமெரிக்கன் லீஜன் பாலம் தாண்டி 270 பிடித்து வீடு வந்துசேரும்வரை எல்லாம் சட்டத்துக்குள் இருக்கிறது. 495-ஐத் தெற்கே சுற்றினால் வில்சன் பாலம், அதன் நடுவில் கொஞ்ச தூரம் வாஷிங்டன் டி.சி. எல்லை. அந்தப் பக்கம் போவதில்லை. டி.சி.யும் வெளியாட்களுக்குப் பெர்மிட் கொடுக்கிறது, ஆனால் மெட்ரோ ரயிலில் கூடாது, நேஷனல் மாலின் நினைவுச் சின்னங்களில் கூடாது, அப்புறம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நான் வேறு எங்கே போகப்போகிறேன்? அதற்கு விண்ணப்பிக்கவில்லை. லேன்ஹம் சிவா விஷ்ணு கோயிலுக்கும் எடுத்துப் போவதில்லை, சட்டம் என்ன சொன்னாலும் சரி, சன்னிதியில் இடுப்பில் அது இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

எடிசன் போகும்போது கண்டிப்பாக இல்லை. 1986-ன் மத்திய சட்டம் தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் மாநிலங்களைக் கடந்து போக அனுமதிக்கிறது என்பார்கள், உண்மைதான், கடந்து போக மட்டும். 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர் நியூஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு ராத்திரி ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை அவரே ஒழுங்காகச் சொன்னார், கைது செய்தார்கள். வழக்கை விட்டுவிட்டாலும், நஷ்ட ஈடு கேட்டுப் போனபோது 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை: ஹோட்டலில் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, அந்தப் பாதுகாப்பு அங்கே பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் கேட்ட மச்சான் இப்போது நியூஜெர்சி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்திருக்கிறான். குறைந்தது மூன்று ஆண்டாகத் தன்னைத் தெரிந்த நான்கு பேரின் பெயர் கொடுக்க வேண்டுமாம். "மாமா, உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். ரத்த உறவும் கூடாது, கல்யாண வழி உறவும் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறான்.