ஊசிக்கணவாயின் நரம்பு

குளச்சலில் ஊசிக்கணவாய் (ஸ்க்விட்) வாங்கும்போது அம்மா விலை கேட்பதற்கு முன்னால் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். தோலில் உள்ள செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கினால்தான் வாங்குவாள். "புள்ளி ஓடுது பாரு மக்களே, இப்பம் பிடிச்சதாக்கும்." ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறப்பை, அதைச் சுற்றிலும் குட்டித் தசைகள், அவற்றை ஆட்டுவிப்பது நரம்பு என்று எனக்குத் தெரியவந்தது 24 வயதில்.

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கும்வரை உயிரியல் பக்கமே நான் போனதில்லை. பெங்களூரில் நரம்பியல் பிஎச்.டி. நேர்காணலில், "இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார்கள். ஊசிக்கணவாயைத்தான் பதிலாகச் சொன்னேன்.

ஆபத்து வந்தால் அது உள்ளிருக்கும் நீரைப் பீய்ச்சியடித்துப் பின்பக்கமாகப் பாயும். உடல் முழுக்கச் சட்டென்று சுருங்க வேண்டும். அதனால் செய்தி கொண்டுபோகும் நரம்பிழை அவ்வளவு தடிமன், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்வரை. நம்முடையவற்றில் பெரும்பாலானவை அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. 1939-ல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஆய்வாளர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள்ளேயே மின்முனையைச் செருகி மின்னழுத்தத்தை அளந்தார்கள். அப்புறம் போர் வந்து வேலை நின்றுபோனது. நரம்பில் செய்தி ஓடும்போது சோடியம் உள்ளே வருவதையும் பொட்டாசியம் வெளியே போவதையும் 1952-ல் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் கணினி அந்த நேரம் கிடைக்காததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து தீர்த்தார். 1963-ல் நோபல்.

என் மடிக்கணினிக்கு அது ஒரு நொடி வேலை. ஆனாலும் நரம்பின் மின்துடிப்பைக் காட்டும் அந்த வளைகோடு முதல்முறை திரையில் எழுந்து விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வருடம் கஷ்டம்தான். விலங்கியல் படித்துவிட்டு வந்த தோழிக்கு நான் வகைக்கெழு சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்குப் புரதங்களைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் தேறினோம். கணிதமோ இயற்பியலோ படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளே, உயிரியல் தெரியாதே என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் லீவில் அம்மா வாங்கிவந்த கணவாயை ஒவ்வொன்றாகக் கீறி, குடலை எடுத்து, கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த ஊசியையும் உருவிவிட்டு, விரித்து விளக்குக்கு நேரே பிடித்தேன். இரண்டு கிழிந்துபோயின. மூன்றாவதில் தெரிந்தது: ஒரு சிறு முடிச்சு, அதிலிருந்து விசிறிபோலப் பிரியும் வெள்ளை இழைகள், வால்பக்கம் ஓடுவது மட்டும் கொஞ்சம் தடிமனாக.

"இதையா? நாங்க தினமும் பிச்சி எறியுததாக்கும்" என்றாள் அம்மா. மிச்சக் கணவாயை அறுத்து முடிக்கும்வரை ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.