செப்புத் தகட்டில் புனித கிறிஸ்தோபர்: இரண்டாம் முயற்சி

15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொலோன் முதலான ரைன் நதிக்கரை ஊர்களில் உருவான உலோகப் புள்ளி அச்சுப் படங்களை (தகட்டில் உளியால் புள்ளிகள் தட்டி, மை பூசித் தாளில் எடுப்பவை) அதே முறையில் செய்து பார்க்கும் ஆசையில் தொடங்கிய வேலையில், இரண்டாவது தகடு இப்போது முடிந்திருக்கிறது. ஜெர்மானியர் இவற்றை ஷ்ரோட்பிளாட் என்பார்கள். 1454 என்று ஆண்டு பொறித்த புனித பெர்னார்தினோ படம் இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று.

நான் எடுத்துக்கொண்டது, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபரின் உருவம். அதைப் பார்த்த நாளில் கெட்ட சாவு வராது என்பது அக்கால மக்களின் நம்பிக்கை.

இம்முறையில் மை தகட்டின் மேற்பரப்பில்தான் ஏறும். உளி பட்ட இடமெல்லாம் தாளில் வெள்ளையாக நிற்கும். முதல் தகட்டில், புள்ளி உளியைத் தட்டும்போது குழியைச் சுற்றி உலோகம் விளிம்பாக எழும்புவதை நான் கவனிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் ஒரு கரிய வளையம் சூழ்ந்துகொள்ள, அதற்கு வெளியே மை திட்டுத்திட்டாகவே படிந்தது. தகடும் வில்லாக வளைந்துவிட்டது. இம்முறை 1.5 மி.மீ. தகட்டைக் காய்ச்சி ஆறவைத்து, அரக்கில் பதித்து, ஒரு வரிசை தட்டி முடித்ததும் எழும்பிய விளிம்பைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடுத்த வரிசைக்குப் போனேன். வளைவைக் கொட்டாப்புளியால் தட்டிச் சமன் செய்தேன்.

இத்தகைய படங்களின் பின்புலத்தை நிறைக்கும் புள்ளிகளும் நட்சத்திரங்களும் வெறும் அலங்காரம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். கட்டைவிரல் நகம் அளவுள்ள முகத்தில் கண், மூக்கு, தாடியின் கோடுகளை மட்டும் நிற்கவிட்டு மீதி உலோகத்தை அகற்ற எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. முகத்தைப் போலப் பல மடங்கு பெரிய பின்புலமோ, ஒரு தட்டுக்கு ஒரு வெள்ளை என்று ஒரே மாலையில் நிறைந்தது. பொற்கொல்லரின் நகாசு உளிகள் அச்சுக்கு வந்ததன் பயன் இதுதான் என்று கை வலித்த பிறகே எனக்கு விளங்கியது: உலோகத்தை வெட்டி எடுக்கும் பாடில்லாமலே அவை கருப்பில் ஒளியைக் கொண்டுவந்துவிடுகின்றன.

தகட்டின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு மரக்கட்டையில் ஆணியால் அறைந்து, ஆளிவிதை எண்ணெய் மை பூசி, ஈரத் தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். ஏழு படிகளில் மூன்று தேறின. ஆற்றுநீர் இன்னும் கருமையாகவே இருக்கிறது. அங்கே புள்ளிகளை ஆழப்படுத்த வேண்டும். ஆனால் பழைய படங்களின் மூலைகளில் காணும் அதே வட்ட வெள்ளைத் தடங்கள், ஆணித் துளைகளின் தடங்கள், என் தாளிலும் விழுந்திருக்கின்றன.