1937 க்ராய்டன் டைஃபாய்டும் ஒரு டெத் சர்டிஃபிகேட்டுக்காக நான் அலைஞ்ச அலைச்சலும்

முதல்லயே சொல்லிடறேன், நான் சரித்திரம் படிச்சவன் இல்ல. ஐடி வேலை, லண்டனோட தெக்கு ஓரத்துல சவுத் க்ராய்டன்ல எட்டு வருஷமா குடியிருக்கேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்கார பாட்டி, 90 வயசு, தனியா இருக்காங்க. ஒரு நாள் குப்பைத்தொட்டிய வாசலுக்கு இழுத்து வச்சுக் குடுத்துட்டு திரும்புறேன், "உனக்குத்தான் கம்ப்யூட்டர்லாம் தெரியுமே, எங்க அக்கா எதனால செத்தான்னு பாத்துச் சொல்றியா"ன்னு கேட்டாங்க.

அக்கா 1937 கடைசியில ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டாளாம். இவங்களுக்கு அப்ப ரெண்டு வயசு, எதுவும் ஞாபகம் இல்ல. வீட்டுல அதப் பத்தி யாரும் வாயத் திறந்ததில்ல. அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிக்குள்ள விடல, ஜன்னல் கண்ணாடி வழியாதான் பாத்தேன்னு சொல்லியிருக்காங்க. அக்கா யாருமில்லாம தனியா கிடந்து செத்தான்னு அன்னைலேருந்து இவங்க மனசுல ஒரு முள்ளு.

நானும் பெருசா "அரை மணி நேர வேலை"ன்னு சொல்லிட்டு வந்தேன். மூணு மாசம் ஆச்சு.

முதல் ரெண்டு வாரம் பேருலயே போச்சு. இங்கிலாந்துல பிறப்பு இறப்பு இண்டெக்ஸ் எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாட்டி சொன்ன பேர போட்டேன், இல்ல. ஸ்பெல்லிங்க மாத்திப் போட்டேன், இல்ல. அப்புறம்தான் ஆபிஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க, அது வீட்டுல கூப்பிடுற பேருப்பா, ரெஜிஸ்டர்ல வேற இருக்கும்னு. பெக்கின்னா மார்கரெட்டாம், பாலின்னா மேரியாம். இது நமக்கு எப்படித் தெரியும்? நம்ம ஊர்லயும் பாப்பா பாப்பான்னு கூப்பிட்டுட்டு ஸ்கூல்ல விஜயலட்சுமின்னு போட்டிருப்பாங்கல்ல, அதே கதைதான். பாட்டிகிட்ட போயி முழுப்பேர் கேட்டா, "ஓ, ஞானஸ்நானப் பேரா, அது வேற"ன்னு கூலா சொல்றாங்க. அத முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

சரி, இண்டெக்ஸ்ல கிடைக்கலன்னா சென்சஸ்ல பாக்கலாம்னு நடுவுல ஒரு யோசனை வந்துச்சு, அதுலயும் மண்ணு. 1921 சென்சஸ் 2022லதான் பொதுமக்களுக்கு திறந்தாங்க, ஆனா இந்தப் பொண்ணு பொறந்தது 1930. 1931ல எடுத்த இங்கிலாந்து வேல்ஸ் சென்சஸ் மொத்தமும் 1942 டிசம்பர்ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. 1941ல போர்னால எடுக்கவே இல்ல. 1939ல போர் ஆரம்பிச்சதும் எடுத்த ஆள் கணக்கு, நேஷனல் ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்குள்ள இவ போய்ச் சேர்ந்துட்டா. ஏழு வருஷம் ஒரு ஊர்ல வாழ்ந்த குழந்தை, ஒரு கணக்குலயும் சிக்காம போயிருக்கா. ரெண்டு போருக்கு நடுவுல உள்ளவங்களத் தேடுறவங்க இத மனசுல வச்சுக்கோங்க. வீட்டு அட்ரஸ் வேணும்னா வாக்காளர் பட்டியலப் பாருங்க, அப்பா அம்மா பேராவது கிடைக்கும்.

அடுத்தது நான் பண்ண பெரிய கூத்து. பழைய கடுதாசி எல்லாத்துலயும் "க்ராய்டன், சர்ரே"ன்னு இருக்கு. அப்ப சர்ரே கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அவங்ககிட்டதான் எல்லாம் இருக்கும்னு நானே முடிவு பண்ணி, லீவு போட்டு, ரயில் ஏறி, காலைலயே கவுண்டி காப்பகத்துல போய் நின்னேன். பைய லாக்கர்ல வை, பேனா கூடாது, பென்சில் மட்டும்தான்னு எல்லா சடங்கும் முடிஞ்சு, உக்காந்து கேட்டா, கவுண்டர்ல இருந்தவர் ரொம்ப மரியாதையா, "நீங்க கேக்குறது எங்ககிட்ட இல்லைங்களே, க்ராய்டன் அப்ப கவுண்டி பரோவாச்சே"ங்கறார். அட்ரஸ்ல சர்ரேன்னு போட்டாலும் 1889லேருந்தே க்ராய்டன் நிர்வாகம் தனியாம், அவங்க தண்ணி, அவங்க ஆஸ்பத்திரி, அவங்க சுகாதார அதிகாரி. கவுண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. திரும்பி வர்ற ரயில்ல என்னைய நானே திட்டிக்கிட்டு வந்தேன், டிக்கெட் காசு வேற.

அதனால டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் புறநகர் அந்தக் காலத்துல என்ன அந்தஸ்துல இருந்துச்சுன்னு பாருங்க. கவுண்டி பரோன்னா சுகாதாரம் மொத்தமும் ஒரே இடம். அர்பன் டிஸ்ட்ரிக்ட்டுன்னா, அதாவது கவுண்டிக்குக் கீழ இருந்த நகர நிர்வாகம்னா, சாக்கடை, குப்பை, தொற்றுநோய் எல்லாம் டிஸ்ட்ரிக்ட்டு கையில, காசநோயும் பெரும்பாலும் மருத்துவச்சிங்க மேற்பார்வையும் கவுண்டி கையில, அப்ப காகிதமும் ரெண்டு ஊர்ல கிடக்கும். 1930 ஏப்ரல்ல அந்த பழைய ஏழைகள் நிவாரண போர்டுகள கலைச்சு அவங்க ஆஸ்பத்திரிகளையும் கவுன்சில்கிட்ட குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி பின்னாடின்னு ஃபைல் வேற வேற.

நடுவுல ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் போன் போட்டேன், பேரு வேணாம். இருபது நிமிஷம் பாட்டு கேக்க வச்சுட்டு, எடுத்த பொண்ணு "நோயாளியோட என்ஹெச்எஸ் நம்பர் சொல்லுங்க"ங்கறா. அம்மா, அவ செத்தது 1937, என்ஹெச்எஸ்ங்கற இந்த அரசு மருத்துவ சேவை ஆரம்பிச்சதே 1948 ஜூலைலன்னேன். "நம்பர் இல்லாம எங்களால தேட முடியாது சார்." மறுபடி போன் பண்ணா வேற ஆளு, அதே கேள்வி. விட்டுட்டேன். பழைய தொற்றுநோய் ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர் எங்கயாவது மிஞ்சியிருந்தாலும், நோயாளி பேர் இருக்குறத பொதுவா 100 வருஷம் மூடித்தான் வப்பாங்க. 1937க்கு நூறு கூட்டிப் பாருங்க. பாட்டிகிட்ட சொன்னேன், "அதுவரைக்கும் நான் டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா"ன்னு சிரிச்சாங்க.

சரியான பேர போட்டதும் இண்டெக்ஸ்ல உடனே வந்துடுச்சு, 1937 டிசம்பர் காலாண்டு, க்ராய்டன், வயசு 7. டிசம்பர் காலாண்டுன்னா டிசம்பர் மட்டும் இல்ல, அக்டோபர்லேருந்து மூணு மாசம். சர்டிஃபிகேட்ட ஆர்டர் பண்ணிட்டு, அது வர்ற வரைக்கும் சும்மா இருக்காம அந்த வருஷ சுகாதார அறிக்கையத் தேடினேன்.

இது மட்டும்தான் இந்த அலைச்சல்ல சுகமான பகுதி. லண்டன் சுத்துவட்டாரத்து சுகாதார அதிகாரிங்க வருஷா வருஷம் எழுதின அறிக்கை, 1848லேருந்து 1972 வரைக்கும், லண்டன்ல மருத்துவ வரலாறு நூலகம் வச்சிருக்குற வெல்கம் கலெக்ஷன்காரங்க ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. எத்தனை பொறப்பு, எத்தனை சாவு, யாரு பால்ல தண்ணி கலந்தான், எத்தனை வீடு மனுஷன் இருக்க லாயக்கில்லன்னு எல்லாம் இருக்கும். குழந்தை பொறந்த 36 மணி நேரத்துக்குள்ள சுகாதார அதிகாரிக்கு தகவல் போகணும், அப்புறம் ஹெல்த் விசிட்டர்னு தாயையும் பிள்ளையையும் பாக்க வர்ற நர்ஸ் வீட்டு வாசல்ல வந்து நிப்பா, இதெல்லாம் அப்பவே நடந்திருக்கு. தனி ஆளு பேரு மட்டும் இருக்காது, அத எதிர்பாக்காதீங்க. நான் ஒரு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேற வேற புறநகர் அறிக்கைய படிச்சுக்கிட்டிருந்தேன், வீட்டுக்காரி திட்டினா.

அந்தத் தேடல்லதான் விஷயம் புரிஞ்சுது. 1937 கடைசியில க்ராய்டன்ல பரவினது ஏதோ சின்னக் காய்ச்சல் இல்ல, டைஃபாய்டு வந்து 341 பேர் படுத்திருக்காங்க, 43 பேர் செத்திருக்காங்க. இங்கிலாந்துல டைஃபாய்டு ரொம்பவே குறைஞ்சு போயிருந்த காலம்.

எப்படி வந்துச்சுன்னு விசாரணை வச்சாங்க, மர்ஃபின்னு ஒரு வக்கீல் தலைமை, அறிக்கை 1938 பிப்ரவரில வந்துச்சு. க்ராய்டன் ஓரத்துல இருக்குற அடிங்டன்ல ஊருக்குத் தண்ணி குடுக்குற ஒரு கிணறு. அதுக்குள்ள ஆளுங்கள எறக்கி ரிப்பேர் வேலை. வேலை நடக்கும்போதே அந்தத் தண்ணிய ஊருக்கும் விட்டிருக்காங்க, வடிகட்டாம, குளோரின் போடாம. கிணத்துல எறங்கின ஆளுங்கள்ல ஒருத்தருக்கு எப்பவோ டைஃபாய்டு வந்து குணமாகி, கிருமி மட்டும் உடம்போட தங்கியிருக்கு, அவருக்கே தெரியாது. மூணும் ஒரே நேரத்துல. இதுல எனக்கு வயிறு எரிஞ்சது எதுன்னா, கிணத்துல வேலை நடக்குதுங்கறதே சுகாதார அதிகாரிக்குத் தெரியாது. ரெண்டு டிபார்ட்மெண்டும் ஒரே கவுன்சில். இவர் நோய் எங்கேருந்து வருதுன்னு தேடுறார், கிணத்துல வேலை நடக்குறது பக்கத்து டிபார்ட்மெண்டுக்குத் தெரியும், யாரும் இவருகிட்ட சொல்லல. என்ஹெச்எஸ் நம்பர் கேட்ட அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு எனக்கு.

நவம்பர் ஆரம்பத்துல அந்தக் கிணத்துத் தண்ணிய நிறுத்தினாங்க. அதுக்குள்ள குடிச்சவங்க குடிச்சாச்சு, டைஃபாய்டு வெளிய தெரியவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். ஒரு அப்பா, பொண்ணுக்கு டைஃபாய்டு வந்ததுக்காக கார்ப்பரேஷன் மேல கேஸ் போட்டு 1938ல ஜெயிச்சிருக்கார், ரீட் எதிர் க்ராய்டன் கார்ப்பரேஷன்னு சட்டம் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஒரு விஷயம், அப்ப டாக்டர கூப்பிட காசு. அப்பா வேலைக்குப் போறவர்னா இன்ஷூரன்ஸ்ல பேனல் டாக்டர் உண்டு, ஆனா அது அவருக்கு மட்டும்தான், பொண்டாட்டி பிள்ளைக்குக் கிடையாது. குழந்தைக்கு சாதா காய்ச்சல்னு நாலு நாள் பாத்துட்டுத்தான் டாக்டர கூப்பிட்டிருப்பாங்க. டாக்டர் டைஃபாய்டுன்னு கண்டுபிடிச்சா கட்டாயம் சுகாதார அதிகாரிக்கு எழுதிப் போடணும், அப்புறம் ஆம்புலன்ஸ் வரும், தெருவே வேடிக்கை பாக்கும், பிள்ளைய தூக்கிட்டுப் போயிடுவாங்க. படுக்கை துணியெல்லாம் மருந்து அடிக்க எடுத்துட்டுப் போவாங்க. டைஃபாய்டுக்கு மருந்துன்னு ஒண்ணு 1948லதான் வந்துச்சு, அதுவரைக்கும் நல்லா பாத்துக்கறது மட்டும்தான் வைத்தியம். தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குள்ள பெத்தவங்கள விடமாட்டாங்க, நிறைய ஊர்ல பிள்ளைக்கு ஒரு நம்பர் குடுத்து, இந்த நம்பர் தேவலை, இந்த நம்பர் மோசம்னு லோக்கல் பேப்பர்ல போடுவாங்களாம். அதப் படிச்சப்ப என் பொண்ணு பக்கத்துல தூங்கிட்டிருந்தா, பேப்பர்ல நம்பர் தேடுற அப்பாவா என்னைய நெனச்சுப் பாக்கவே முடியல.

சர்டிஃபிகேட் தபால்ல வந்துச்சு. சாவுக்குக் காரணம்னு இருக்குற கட்டத்துல டைஃபாய்டு. செத்த இடம் தொற்றுநோய் ஆஸ்பத்திரி. அப்பாடான்னு ஆச்சு, வந்த வேலை முடிஞ்சுது. அட்ரஸும் அந்தக் கிணத்துத் தண்ணி போன பக்கம்தான். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல அழகா எழுதி, மேப் பிரிண்ட் எடுத்து, பாட்டி வீட்டு பெல் அடிச்சேன்.

நான் கிணறு, குளோரின், மர்ஃபின்னு அடுக்கிக்கிட்டே போறேன். பாட்டி தலைய ஆட்டுறாங்களே தவிர காதுல விழுந்த மாதிரி தெரியல. பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டு சர்டிஃபிகேட்ட ஒவ்வொரு கட்டமா நகத்தி நகத்திப் படிக்கிறாங்க. ஏழாவது கட்டம், தகவல் குடுத்தவர் யாருன்னு இருக்குமே, அது. நான் அதப் பாத்தேன், ஆனா படிக்கல. யாரோ பதிஞ்சிருக்காங்க, அவ்வளவுதானேன்னு விட்டுட்டேன்.

அங்க அம்மா பேரு இருக்கு. அதுக்குக் கீழ, இறக்கும்போது உடனிருந்தவர்னு இருக்கு.

உயிர் போற நெலமைல இருக்குற பிள்ளைன்னா பெத்தவங்கள உள்ள விட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு எனக்குத் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. அந்த வரிய வெரலால தடவி ரெண்டு தடவை சத்தமா படிச்சாங்க. "உள்ள போயிருக்காங்க, எங்கிட்ட சொல்லவே இல்ல"ன்னாங்க. அப்புறம் என் மேப்ப மடிச்சு ஓரமா வச்சுட்டு, டீ போட எழுந்து போனாங்க. குழாயத் திறக்குற சத்தம் கேட்டுச்சு.