ஓ, வணக்கம் மார்க்

அந்தப் பையன் எழுதியிருந்தது "ஓ, வணக்கம் மார்க்." அதை "அட, மார்க்கா! வா, வா" என்று மாற்றியது நான். மாற்றியதோடு விடாமல், 'இயல்பாக இல்லை' என்று பக்கத்தில் குறிப்புப் போட்டு மதிப்பெண்ணையும் குறைத்தேன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அந்த ஒரு வரி போகமாட்டேன் என்கிறது.

தமிழ் சப்டைட்டில் எழுதுவதற்கான சேர்க்கைத் தேர்வுக்குக் கொடுத்தது 'தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' படத்தின் சில நிமிடங்கள். டாமி வைசோ என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, தானே நாயகனாகவும் நடித்து 2003இல் வெளியிட்ட 'தி ரூம்' என்ற மகா மோசமான படம் உருவான கதை அது. 2017இல் ஜேம்ஸ் பிராங்கோ அதை நகைச்சுவைப் படமாக எடுத்து, வைசோவாகவும் அவரே நடித்தார். மொட்டை மாடிக் காட்சி பலருக்குத் தெரிந்திருக்கும். ஆள் கோபமாக வருகிறார், நான் அவளை அடிக்கவில்லை என்று கத்துகிறார், கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலை எறிகிறார், அடுத்த நொடியே ஒன்றுமே நடக்காத மாதிரி நண்பனுக்கு ஒரு "ஓ, ஹாய் மார்க்." இத்தனையும் சேர்த்து உள்ளங்கையளவு வசனம்தான், அது வாயில் நிற்காமல் டேக் மேல் டேக் போகிறது, எழுதியவரே அவர்தான் என்பது வேறு.

இன்னொரு இடத்தில் அந்தப் புகழ்பெற்ற "யூ ஆர் டேரிங் மீ அபார்ட், லிசா!" பையன் எழுதியது: "நீ என்னைக் கிழிக்கிறாய், லிசா!" நான் திருத்தியது: "என் மனசைச் சுக்குநூறாக்குறியே, லிசா!" இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. என் கை பட்டதும் டாமி வைசோ நல்ல வசனகர்த்தா ஆகிவிட்டார்.

அன்று சிரிப்பு வரவில்லை. பின்னூட்டம் சொல்லக் கூப்பிட்டபோது அவன் கேட்டான்: "அக்கா, இந்த ஆளு தப்பாத்தான பேசுறாரு? அப்ப தமிழும் கொஞ்சம் கோணலா இருந்தாத்தானே சரி?"

நான் சொன்னது: "பாக்கிறவங்களுக்கு அது அவரோட தப்பாத் தெரியாதுப்பா. உன் தப்பாத்தான் தெரியும்."

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது என்று சொல்லும் சரி ஒன்று உண்டு, உன்னோடு பேசிப் பயனில்லை என்று சொல்லும் சரி ஒன்று உண்டு. அது எந்தச் சரி என்பதைத்தான் நான் இன்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது பொய் இல்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், சப்டைட்டில் எழுதுகிறவனை யாரும் பாராட்டமாட்டார்கள், பிழை இருந்தால் மட்டும் படம் பிடித்துப் போடுவார்கள். கதாபாத்திரம் வேண்டுமென்றே கொச்சையாகப் பேசியதை அப்படியே விட்டதற்கு எனக்கே ஒருமுறை புகார் வந்து, இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். அந்தச் சூடு இருந்தது. இருக்கிற இடமோ இரண்டு வரி, அதில் 'இது தெரிந்தே செய்த பிழை' என்று எங்கே சொல்வது? ஆக, விதியின்படி நான் செய்தது சரிதான்.

ஒன்றை மட்டும் அன்று சொல்லவில்லை. நான் முழுப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அந்தத் துண்டையும் விடைத்தாளையும் பார்த்தேன், திருத்தினேன். அவன் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தான் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். படப்பிடிப்புக் கருவிகளை எல்லோரும் வாடகைக்கு எடுக்க, வைசோ மொத்தமாக விலைக்கு வாங்குகிறார். 35 எம்எம் பிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காட்சியை இரண்டிலும் எடுக்கிறார். வெளியே நிஜமான சந்து இருக்கும்போது உள்ளே அதே சந்தை செட் போடுகிறார். ஏன் என்று கேட்டால், இது நிஜமான ஹாலிவுட் படம் என்கிறார். நானும் அதைத்தானே செய்தேன் என்று தோன்றியது: வெளியே நிஜச் சந்து இருக்க, உள்ளே அழகாக ஒரு செட். (சரி, இந்த ஒப்புமை கொஞ்சம் இழுவைதான்.)

அந்தக் கிழிக்கிற வசனம்கூட ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் 1955இல் ஒரு படத்தில் பேசிய வரி. வைசோவுக்கு அவர் மேல் அப்படி ஒரு பைத்தியம், அவர் கார் விபத்தில் செத்த இடம்வரை நண்பனோடு போய்ப் பார்க்கிறார். அதாவது அந்த ஆள் எழுதத் தெரியாமல் எழுதவில்லை, ஆசைப்பட்டு எழுதினார். வரி ஒன்றுதான், அவர் வாயில் அது கோணலாகிப்போகிறது. நான் நிமிர்த்தியதில் ஆசையும் போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது.

உண்மையில் என்னை உலுக்கியது படம் முடிந்தபிறகு வருவதுதான். திரையின் ஒரு பக்கம் 'தி ரூம்' காட்சி, இன்னொரு பக்கம் பிராங்கோ குழு மறுபடி எடுத்த அதே காட்சி. தவறான இடைவெளி, அசட்டுச் சிரிப்பு, பாட்டிலை எறியும் கோணம், எல்லாம் இம்மி பிசகாமல். ஒரு பிழையைப் பிழையாகவே திரும்பச் செய்ய அத்தனை பேர் அத்தனை உழைத்திருக்கிறார்கள், அந்த வைசோ வேடத்துக்காகத்தான் பிராங்கோவுக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. அந்தப் பையன் செய்ததும் அதே வேலைதானே. அவனுக்கு நான் கொடுத்தது கழித்தல்.

ஆனாலும் அவன் எல்லா வரியையும் யோசித்துத்தான் கோணலாக்கினானா? சில இடங்களில் சந்திப்பிழை இருந்தது, வரி திரையில் வந்துபோகும் நேரக் கணக்கும் இரண்டு மூன்று இடத்தில் பிசகியிருந்தது. அவை வைசோவின் பிழைகள் அல்ல, அவனுடையவை. அவற்றை மட்டும் வைத்தாலே தேறியிருப்பானா என்பது சந்தேகம்தான். இப்படி நினைத்துக்கொண்டால் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும். அப்புறம் அந்த "தப்பாத்தான பேசுறாரு?" திரும்ப வரும்.

வைசோவுக்குக் கடைசியில் அவர் படத்தைப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டம் கிடைத்தது. முதலில் வெளியானபோது அமெரிக்காவில் அந்தப் படம் சம்பாதித்தது சுமார் 1,800 டாலர், அப்புறம் நள்ளிரவுக் காட்சிகளில் கரண்டி எறிந்து கொண்டாடினார்கள். பையன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் இன்னொரு விடைத்தாள். திக்கித் திக்கிப் பேசும் ஒரு முதியவரின் வசனத்தை ஒரு பெண் திக்கலோடே எழுதியிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், திருத்திவிட்டேன். மதிப்பெண் குறைக்கவில்லை.

வீட்டில் மகளுக்கு அந்த மாடிக் காட்சியைப் போட்டு, ஒலியை அணைத்துவிட்டு, முதலில் என் வரியைச் சொன்னேன். "ம்" என்றாள். "ஓ, வணக்கம் மார்க்" என்றேன். சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.